பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வரியை விட்டுவிட்டு வந்தோம்

அன்று பெர்மாஸ் ஜெயாவில், டயர் கடைக்கு மேலே எங்கள் கட்சி அலுவலகமாக இருக்கும் அந்த மாடி அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "நான் அங்கு இல்லை" என்று சொல்லக்கூடாது. அஞ்சலை ஆகிய நான். என்னோடு ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய பிலோமினா. எங்கள் கட்சிக் கிளைத் தலைவர் சந்தானம். செயலாளர் லோகநாதன், ஓய்வுபெற்ற ஆசிரியர். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் யோகேஸ்வரி. மோட்டார் சைக்கிளில் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தினேஷ். கடைசியாக பகதூர், நேப்பாளக்காரர், பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. அவர் கட்சி உறுப்பினர் இல்லை, அதனால் ஓட்டும் இல்லை.

சீனப் பெருநாள் முடிந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போனோம். தேர்தல் நெருங்குகிறது. ஒரு பெரிய கூட்டணி எங்கள் சின்னக் கட்சிக்கு ஒரு தொகுதி விட்டுத்தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்குப் பதிலாக எங்கள் துண்டறிக்கையிலிருந்து இரண்டை எடுத்துவிட வேண்டும். ஒன்று, 'சோசலிசம்' என்ற சொல். மற்றது, 'உள்ளூர்த் தொழிலாளிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் ஒரே கூலி, ஒரே பாதுகாப்பு' என்ற வரி. சம்மதமா இல்லையா என்று கிளை கைதூக்கிச் சொல்ல வேண்டும். நான் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். 'சோசலிசம்' என்று எழுதக் கற்றுக்கொடுத்தது சந்தானம். அப்போது அவர் பல்கலைக்கழக மாணவர், தோட்டத்துக்கு வந்து எங்களுக்கு வகுப்பு எடுப்பார். அதை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள், நான் வீட்டில் உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

எங்கள் ஊர் குளுவாங்கிலிருந்து லார்கின் பேருந்து நிலையத்துக்குக் காலை ஏழரைக்குப் பேருந்து. கட்டணம் பதின்மூன்று வெள்ளி, அதாவது ரிங்கிட். சுமார் நூற்றுப்பத்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. வலப்பக்கம் உட்காருங்கள், காலை வெயில் இடப்பக்கம்தான் அடிக்கும். துப்பட்டியோ போர்வையோ கட்டாயம் வேண்டும்.

"தம்பி, ஏர்கோன கொஞ்சம் கொறைங்களேன். ரெண்டு கெழவிங்களும் ஐஸா ஆயிடுவோம்" என்றாள் பிலோமினா.

"ஐஸுல இருந்தா கெட்டுப் போக மாட்டீங்க லா, ஆயா" என்றார் டிரைவர். கடைசிவரை குறைக்கவே இல்லை.

ஒரே போர்வைக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கூலாய் வருவதற்கு முன் பிலோமினா கேட்டாள், "நீ எந்தப் பக்கம் கை தூக்கப் போற?"

"இது என்னாடி கேள்வி?" என்றேன்.

அவள் வெளியே செம்பனை மரங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

லார்கினில் லோகநாதன் காரோடு நின்றார். அவர் மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் பசியோடு யாரையும் வண்டியில் ஏற்றமாட்டார். ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் தந்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார். நேரே பாசிர் கூடாங். கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர், ஞாயிறு என்பதால் நாற்பது நிமிடத்தில் போய்விட்டோம். மூக்கைப் பொத்த ஒரு கைக்குட்டை கொண்டுபோங்கள், காற்று திரும்பும்போது ரசாயன வாடை தொண்டையைப் பிடிக்கும்.

அங்கே பகதூர் தங்கும் விடுதியைப் பார்த்தோம். மழை வந்தால் கூரை ஒழுகுகிறது, மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்திவிட்டு ஆட்கள் உட்கார்ந்தே தூங்குகிறார்கள். அதற்கும் சம்பளத்தில் வாடகை பிடிக்கிறார்கள். பகதூரும் விடுதி ஆட்களும் செவ்வாய்க்கிழமை தொழிலாளர் இலாகாவுக்குப் போய்ப் புகார் கொடுக்க முடிவு செய்திருந்தார்கள். அந்த வரி துண்டறிக்கையில் இருக்கும்வரை கட்சி கூடப்போகும். வரி போய்விட்டால் போகாது. எடுத்த பிறகு எந்த முகத்தோடு போவது?

பகதூர் சட்டைப் பையிலிருந்து எங்கள் பழைய துண்டறிக்கையை எடுத்தார். மலாயில் கேட்டார், "மாச்சிக், இந்த வரி இருக்கும்தானே?" மலாய்க்காரர்கள் எங்கள் வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

"இருக்கும்" என்றேன்.

லோகநாதன் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி. பகதூருக்கு அன்று விடுமுறை, "நானும் வருகிறேன்" என்று ஏறிக்கொண்டார்.

பெர்மாஸ் ஜெயா போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. படிக்கட்டில் கைப்பிடி இல்லை, முட்டி வலி உள்ளவர்கள் யாரையாவது பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். மேலே சுவரில் அந்தத் தாடிக்காரர் படம். தினேஷ் முதன்முதலில் வந்தபோது அதைக் கும்பிட்டுவிட்டு, "இவரு எந்த ஊரு சாமியாரு?" என்று கேட்டவன்.

சந்தானம்தான் முதலில் பேசினார். என்ன பேச்சு! மார்க்சியம் பழைய பஞ்சாங்கம் இல்லை, முதலாளி புதுச்சட்டை போட்டுக்கொண்டால் அவன் முதலாளி இல்லையென்று ஆகிவிடாது, இடதுசாரிக் கட்சி அந்தச் சொல்லை விட்டால் தேர்தலில் நிற்கலாம், ஆனால் எதற்கு நிற்கிறோம் என்று சொல்ல முடியாது என்றார். எனக்குக் கண் கலங்கியது.

லோகநாதன் எழுந்தார். "தோழர், நீங்க பேசுனா கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஆனா கம்பத்துல, கிராமத்து வீடுகள்ல போய் அந்த வார்த்தைய சொன்னா கதவ சாத்துறாங்க. அந்தக் காலத்துல காட்டுக்குள்ள துப்பாக்கியோட இருந்த கம்யூனிஸ்டுங்க ஞாபகம்தான் அவங்களுக்கு வருது. சட்டமன்றத்துல ஒரு ஆளு இருந்தா பத்து காரியம் செய்யலாம். வார்த்தைய கட்டிக்கிட்டு வெளிய நின்னா?"

"வார்த்தை இல்லாம உள்ள போயி என்னாத்த செய்வீங்க? டீ குடிப்பீங்களா?" என்றேன்.

"டீயாவது கெடைக்கும் லா, பாட்டி" என்றான் தினேஷ். எல்லாரும் சிரித்தார்கள். என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பகதூரும் சிரித்தார்.

யோகேஸ்வரி சிரிக்கவில்லை. "நான் விடியறதுக்கு முன்னாடி பாலத்துல நிக்கிறேன். என் முதலாளி கடலுக்கு அந்தப் பக்கம். இங்க வந்து தூங்குறேன், அவ்ளோதான். உங்க துண்டறிக்கையில நான் எங்க இருக்கேன்?"

"அந்த ஒரே கூலி வரியில இருக்க. அங்க நீயுந்தானே வெளிநாட்டுத் தொழிலாளி?" என்றேன்.

"அதனாலதான் பாட்டி சொல்றேன். அங்க எங்களுக்காக எவன் துண்டறிக்கை போட்டான்?"

அந்தக் கேள்வி இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

பிறகு பிலோமினா. உட்கார்ந்தபடியே, என்னைப் பார்க்காமல் பேசினாள். அவள் பேரனுக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. அவன் இடத்தில் குறைந்த சம்பளத்துக்கு வெளிநாட்டு ஆள் எடுத்துவிட்டார்கள்.

"ஒரே கூலின்னு ஆயிட்டா எதுக்கு வெளியாளத் தேடப் போறான் முதலாளி? அந்த வரி ஒன் பேரனுக்குந்தான்டி" என்றேன்.

"எனக்குப் புரியுது அஞ்சலை. வீட்டுல சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து அத அவன்கிட்ட சொல்ல முடியல."

எனக்கு எதுவும் மறக்காது. தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது கங்காணி லாரியில் வேறு ஆட்களை இறக்கினான். எங்கள் ஆண்கள் கத்தியைத் தூக்கினார்கள். சந்தானம் நடுவில் நின்று, "அவங்களும் பசியிலதான் வந்திருக்காங்க, மொதல்ல சோறு போடுங்க" என்றார். நானும் பிலோமினாவும்தான் உலை வைத்தோம். சாப்பிட்டுவிட்டு அவர்கள் எங்களோடு உட்கார்ந்தார்கள். மறுநாள் லாரி காலியாகத் திரும்பியது. இதை நான் மாடியில் சொன்னேன். பிலோமினா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தினேஷ்தான் ஆச்சரியம். "எனக்கு முதலாளியே கெடையாதுன்னு நெனச்சேன். போன்ல ஒரு சத்தம் வரும், ஓடுவேன். ரேட்டு கொறச்சப்ப யாருகிட்ட சண்டை போடறதுன்னே தெரியல. பகதூர் அண்ணனும் அவரு மொதலாளிய பார்த்ததில்லையாம். வரி இருக்கட்டும் லா" என்றான்.

ஓட்டு சரிசமமாக வந்தால் பழைய துண்டறிக்கையே நிற்கும் என்பது எங்கள் கிளையின் வழக்கம். எடுக்கலாம் என்று லோகநாதன், யோகேஸ்வரி, பிலோமினா. வேண்டாம் என்று நான், தினேஷ். சந்தானம் கை தூக்கினால் போதும்.

"ஒரு நிமிஷம், போன் வருது" என்று அவர் கீழே இறங்கினார்.

நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். டயர் கடை வாசலில் நின்றார். போன் சட்டைப் பையில்தான் இருந்தது, வெளியே எடுக்கவே இல்லை. போகிற வருகிற கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். லோகநாதன் பத்து நிமிடம் காத்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். தினேஷ் இறங்கிப் போய்க் கூப்பிட்டான். "நீங்களே முடிவு பண்ணுங்க, இளைஞர் காலம் இது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றுக்கு இரண்டு. வரி போனது, சொல்லும் போனது.

"எப்படி, மாச்சிக்?" என்று பகதூர் கேட்டார். லோகநாதன் மலாயில் வியூகம், கட்டம் என்று ஏதோ தொடங்கினார். நான் குறுக்கே புகுந்து "தாக் அடா" என்றேன். இல்லை என்று அர்த்தம். காலையில் 'இருக்கும்' என்று சொன்ன அதே வாயால் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை நானும் தினேஷும்தான் பகதூரோடும் விடுதி ஆட்களோடும் போனோம். "எந்த அமைப்பு?" என்று அதிகாரி கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். புகாரை வாங்கிக்கொண்டார். மறு வாரமே தொழிற்சாலைக்காரர்கள் பகதூரை வேலையை விட்டு நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்திலிருந்து தினேஷுக்குப் போன் செய்தாராம், என்னிடம் நன்றி சொல்லச் சொன்னாராம். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: குளுவாங்குக்குக் கடைசிப் பேருந்தை நம்பாதீர்கள், மாலை ஐந்தரைப் பேருந்தைப் பிடியுங்கள். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து லார்கினுக்கு வாடகைக் கார் இருபது வெள்ளிக்குள் கிடைக்கும். ஓட்டெடுப்பு இருக்கும் கூட்டமென்றால், முதலில் கையைத் தூக்கச் சொல்லுங்கள், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அன்று மாலை திரும்பும்போது பிலோமினா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் ஒரு ஆரஞ்சை உரித்து ஒரு பாதியை என் மடியில் வைத்தாள். சாப்பிட்டேன். அவளுக்குப் பேரன் இருக்கிறான். யோகேஸ்வரி களைத்துப் போனவள். லோகநாதனுக்குத் தொகுதி வேண்டும், அதை முகத்துக்கு நேராகச் சொன்னார். இவர்கள் மேலுள்ள கோபம் என்றைக்காவது ஆறலாம். போன வாரம் ஒருவர் போன் செய்து, "வருத்தப்படாதீங்க அக்கா, வரலாறு நம்ம பக்கம்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். எங்கள் கைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, தன் கையைத் தூக்க வேண்டிய நேரத்தில் டயர் கடை வாசலில் நின்ற அந்த ஒருவரை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன்: சந்தானம்.