அமரவிளைப் பாலம், காலை ஐந்து நாற்பது

நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் ஹால் டிக்கெட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பொழியூரில் வள்ளம் கவிழ்ந்துவிட்டது, நாலு பேர் நீந்திக் கரையேறிவிட்டார்கள், என் கூட்டாளி ததேயூஸைக் காணவில்லை. சொன்னவர் அவனுடைய அண்ணன். உடனே வா என்று அவர் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் உடல் கிடைத்துவிட்டது. கரையில் நிற்பவர்களின் முகம் தெரியும் தூரத்தில், திரும்பி வந்த வள்ளத்தை அலை புரட்டியிருக்கிறது. அலைத்தடுப்புச் சுவர் கேட்டு அந்த ஊர் கொடுத்த மனுக்கள் எந்த மேஜைகளில் கிடக்கின்றனவோ. ஐந்தாறு பேர் செத்தால் ஒரு மந்திரி வருவார். ஒருவன் செத்தால் யாரும் வருவதில்லை.

அவனைக் கடலில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, பாறசாலையில் மூன்றே கம்ப்யூட்டர் இருந்த ஒரு சென்டரில் நாங்கள் போர் விமான விளையாட்டு ஆடினோம். முதலாளி மத்தியானம் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம் எங்களுடையது. காலையில் கரையேறிக் குளித்துவிட்டு ததேயூஸ் பஸ் பிடித்து வருவான். மற்றவர்களுக்குச் சுடுவதில் ஆசை. அவனுக்கு அதற்கு முந்தைய வேலையில்தான் ஆசை. எந்தத் தளத்திலிருந்து கிளம்புவது, எங்கே திரும்புவது, எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு இலக்கு, எவ்வளவு எண்ணெய். எல்லாவற்றையும் தாளில் எழுதித் தீர்த்த பிறகே கம்ப்யூட்டரில் ஏற்ற விடுவான்.

நான் போட்ட முதல் திட்டத்தில் ஆறு விமானங்கள் போயின, இரண்டு திரும்பின. இலக்கு அழிந்த சந்தோஷத்தில் நான் இருந்தேன். அவன் தாளை வாங்கிக் கிழித்தான்.

"எலே, போறதுக்கு எந்தப் பயலுக்கும் தெரியும். வாறதுக்காக்கும் எண்ணெய் வேணும். மொதல்ல திரும்பி வாற வழிய வரை மக்கா, பெறவு போலாம்."

அன்றிலிருந்து தாளின் மேல்பாதியில் போகும் வழியை நான் எழுதுவேன், கீழ்பாதியில் திரும்பும் வழியை அவன் எழுதுவான். கீழ்பாதி நிரம்பாமல் மேல்பாதியைத் தொட விடமாட்டான். இன்னொரு விதியும் வைத்திருந்தான். இரண்டு விமானம் சேர்ந்து போய் ஒன்று அடிபட்டால், மற்றது அங்கேயே சுற்றக் கூடாது. "ஒருத்தனாவது வீட்டுக்குப் போணும். போயி நடந்தத சொல்லணும்."

விளையாட்டில் இருந்தது ஏதோ ஒரு பாலைவன நாடு. அந்தப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் எங்கள் ஊர்ப் பெயர்களை அங்கே வைத்தோம். தளம் பொழியூர். முதல் திருப்பம் செங்கல், இரண்டாவது காரக்கோணம். குண்டு போட வேண்டிய பாலம் அமரவிளை. அப்படி எழுதினால் மறக்காது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. ஆடும் நாலு பேருக்கும் பிரதி வேண்டுமென்று நான்தான் தாளை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பிரதிகளை வாங்கிக்கொண்டு மூலத்தைக் கடையின் இயந்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன். 'அமரவிளைப் பாலம், காலை 5.40, இரண்டு குண்டு.' என் கையெழுத்து.

மறுநாள் மத்தியானம் அந்தத் தாளோடு போலீஸ் வந்தது. சென்டர் வாசலில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். எல்லைப் பக்கத்துத் தமிழ்ப் பயல்கள், அதில் ஒருவன் கடற்கரைக்காரன், கையில் பாலத்துக்குக் குண்டு வைக்கும் திட்டம். அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? விளையாட்டு என்று சொன்னோம். கம்ப்யூட்டரைக் காட்டச் சொன்னார்கள். அதற்குள் சாப்பிட்டுத் திரும்பிய முதலாளி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, எங்களைத் தெரியாது என்றார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. தாளை மேஜையில் விரித்தார். இரண்டு கையெழுத்து இருக்கிறதே, மேலே எழுதியது யார் என்று மலையாளத்தில் கேட்டார். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ததேயூஸ் என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"ரெண்டும் எனக்க எழுத்தாக்கும் சாறே. ஒண்ணு இருந்து எழுதினது, ஒண்ணு நின்னு எழுதினது."

அறை விழுந்தது. ஒரு போலீஸ்காரர் சிரித்தார்.

சாயங்காலம் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் என் சித்தப்பா வந்தார். எஸ்.ஐ. எழுந்து நாற்காலி போட்டார். அரை மணி நேரத்தில் நான் வெளியே இருந்தேன். ததேயூஸின் அண்ணனும் பங்குச் சாமியாரும் மறுநாள் முழுக்க வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு நாற்காலி இல்லை. அன்று இரவுதான் அவனை விட்டார்கள். வழக்குப் போடவில்லை. ஆனால் ஏதோ ஒரு பதிவேட்டில் அவன் பெயர் ஏறிவிட்டது. துபாயில் படகு வேலைக்கு அவன் கொடுத்திருந்த பாஸ்போர்ட் விண்ணப்பம் போலீஸ் விசாரணைக்கு வந்து அங்கேயே நின்றது. ஒவ்வொரு மாதமும் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டான். நான் ஒருமுறைகூட உடன் போகவில்லை. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறக்கூட எனக்குப் பயம். அவன் கடலிலேயே இருந்தான்.

என்னிடம் அவன் கோபப்பட்டதில்லை. கடைசியாகப் பார்த்தபோதும், "நீ அன்னைக்குப் போனது சரியாக்கும், ரெண்டு பேரு கெடந்து என்ன செய்ய?" என்றான். அதைப் பிடித்துக்கொண்டே இத்தனை நாள் தூங்கினேன், அவனுடைய விதிப்படிதான் நடந்தேன் என்று. விதியில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. போனவன் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் வீட்டுக்குப் போனேன், சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவன் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "மக்கா, அவன் அந்தப் பாலத்தப் பத்தி என்னத்தலே எழுதினான்?" அப்போதும் நான் சொல்லவில்லை. கூட்டம் இருந்தது. போலீஸ்காரர் ஒருவரும் நின்றார்.

இப்போது சொல்கிறேன். அவன் எழுதியது திரும்பி வரும் வழி மட்டும். பாலத்தை எழுதியவன் நான். அவன் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான் அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியது. இதை அச்சுக்குத் தரும்போது தட்டச்சு செய்யாமல் கையால் எழுதித்தான் தந்திருக்கிறேன். அந்தத் தாள் இன்னும் ஸ்டேஷனில் இருந்தால், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.