அம்மாவே வைத்த சேனை

எங்கள் அம்மா களமருதூரில் நெல் விவசாயி வீட்டில் பிறந்து, கச்சிராயபாளையத்தில் கரும்புக்காரர் வீட்டுக்கு வாழ வந்தவர். அதிகம் படிக்கவில்லை, பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் குடும்பக் கதை முழுக்கத் தெரிந்துவிடும்.

நான் வயிற்றிலிருந்தபோது, வாய்க்காலில் துணி துவைக்க வரும் கர்ப்பிணிகள் எல்லோருமே பிள்ளை வளர்ப்பில் கெட்டிக்காரிகளாம். காலித் தொட்டிலை ஆட்டினால் குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்பார் ஒருவர். மூக்கை நீவிவிட்டால்தான் எடுப்பாக வரும் என்பார் இன்னொருவர். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஒன்றில் மட்டும் பிடிவாதம். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது சேனை. வைத்தவரின் குணம் குழந்தைக்கு வந்துவிடும் என்று நம்பிக்கை. எனக்கு அதை வைக்கவேண்டியவர் அம்மாவின் அண்ணன், களமருதூர் மாமா. நாம் பத்து வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை பேசுகிறவர். "என் வாயி எம்புள்ளைக்கு வாணாம்" என்பாராம் அம்மா.

நான் பிறந்ததோ இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் ஓடவில்லை, மாமாவும் வரவில்லை. சேனை வைக்காமல் பால் கொடுக்கிற வழக்கமும் இல்லை. யாராவது வைத்தால் போதும் என்று அப்பா கெஞ்சியும் அம்மா அசையவில்லை. அழுது அழுது என் குரல் கம்மத் தொடங்கியதும்தான் பயந்துபோனார்.

அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, கிண்ணத்தோடு தயாராக நின்றார். அத்தையின் கோபம் ஊரறிந்தது.

"குடுங்க அண்ணி, நானே வெக்கிறேன்" என்றார் அம்மா.

"உன் வாயி வந்துடும்டி. அப்பால எங்கிட்ட பொலம்பிகினு வராத."

"வரட்டுங்க அண்ணி. பசிக்குதுன்னு கேக்கவாச்சும் வாயி வேணுமில்ல."

சேனை வைத்து, உடனே பாலும் கொடுத்தார். மரங்களை அகற்றியபின் சைக்கிளில் வந்து சேர்ந்த மாமா, "பொண்ணு பால் குடிக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாராம்.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். அதன்பின் அம்மாவின் வாய்தான் எங்களை வளர்த்தது. வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டாலும், கரும்பு வெட்ட ஆள் வராவிட்டாலும் நேரே போய்க் கேட்பார், வாங்காமல் திரும்பமாட்டார்.

கடைசி மாதங்களில் அம்மாவுக்குப் பேச்சு நின்றுபோனது. பசியா, தாகமா, வலியா என்று கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அம்மாவுக்காக எல்லோரிடமும் நான்தான் கேட்டேன். கேட்டபோதெல்லாம் வந்த நர்சம்மாவுக்கும், கேட்காமலே தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.