மச்சான் வெட்டிய பைன்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலிலிருந்து கடலூருக்கு மாற்றலாகி வந்தபோது, ஒரு பழைய டின்னில் பைன் கன்று கொண்டுவந்தேன். கடற்கரை வெக்கையில் அது பிழைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். மணல் கலந்து மேடு கட்டி, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டேன். மதிய வெயிலுக்குத் தென்னங்கீற்று மறைப்பு, சாயங்காலம் பானைத் தண்ணீர். "என்னக்கூட இப்படிக் கவனிச்சதில்ல" என்று மனைவி இடித்துக்காட்டுவாள். பொய்யில்லை. கன்று என் மார்பு உயரம் வந்துவிட்டது.

ஒரு கல்யாணத்துக்குச் சிதம்பரம் போய்த் திரும்பினால், அது நின்ற இடத்தில் வெறும் கட்டை. பக்கத்து வீட்டு மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அவரைக்கொடிக்கு முட்டுக்கொடுக்க வெட்டிக்கொண்டு போயிருந்தார்.

"சவுக்குதான மாப்ள? இதுக்குப் போயி மூஞ்சத் தூக்குறியே."

"அது பைன், மச்சான். மலையிலேர்ந்து கொண்டாந்தது."

"எவனோ உன்ன நல்லா ஏமாத்திட்டான்" என்று சிரித்தார். சவுக்குத் தோப்புகளைப் பார்த்தே வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஊசி இலை என்றால் சவுக்குதான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

மறுவருஷம் ஊட்டிக்குப் போனவர், அங்கே ஒரு பங்களா வாசலில் பைன் மரத்தைப் பார்த்து மயங்கித் திரும்பினார்.

"எனக்கும் ஒரு கன்னு வரவச்சுக் குடு மாப்ள. உன்ன ஏமாத்துன மாதிரி ஆவாம, அசலாப் பாத்து வாங்கு."

சவுக்கு நாற்றங்காலில் ஒரு கன்றைப் பிடுங்கி, டின்னில் நட்டு, மலையிலிருந்து வந்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். உப்புக் காற்றிலும் வெறும் மணலிலும் தானாக வளருகிற சவுக்குக்கு மச்சான் மேடு கட்டினார், கீற்று கட்டினார், பானைத் தண்ணீர் ஊற்றினார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். மதில் ஓரம் நின்று பார்த்து ரசித்தேன். யாராவது சவுக்கு மாதிரி இருக்கே என்றால், "மலை மரம்யா, உனக்கென்ன தெரியும்" என்று வாயை அடைத்துவிடுவார். ஆளுயரம் வளரட்டும் என்று பொறுத்திருந்தேன்.

அவர் மகள் நிச்சயத்துக்குச் சிதம்பரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். தாம்பூலம் மாற்றி, கேசரி சாப்பிட்டு முடித்ததும் எல்லோரையும் மரத்தடிக்கு அழைத்துப்போனார். இதற்குத்தான் காத்திருந்தேன்.

"ஒரு ஊசிய இழுத்துப் பாருங்க மச்சான். பைன்னா மூணு ஊசி ஒரே அடியில சேந்து நிக்கும். கணுக்கணுவாக் கழண்டு வந்தா சவுக்கு."

இழுத்தார். துண்டு துண்டாகக் கழன்று வந்தது. சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

"அப்ப அன்னிக்கு நான் வெட்டுனது?"

"அதான் பைன்" என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு இனிப்பாக இருந்தது!

அந்தச் சவுக்கை அன்றைக்கே வெட்டிப்போடுவார் என்று எதிர்பார்த்தேன். வெட்டவில்லை. என் மனைவி போய்க் கேட்டதற்கு, "கையால தண்ணி ஊத்தி வளத்தத எப்படிம்மா வெட்டுறது?" என்றாராம். அதைக் கேட்டதும் ஆறியிருந்த கோபம் எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.