கலீலுல்லா சாயபுவின் நாற்பத்து மூன்று கருவிகள்

செவ்வாய்ப்பேட்டையில் வெல்லமும் புளியும் மொத்தமாக விற்ற கலீலுல்லா சாயபுவுக்குப் பென்சில் சீவத் தெரியாது. ஆனால் சேலம் ஜில்லாவிலேயே உயர்ந்த தச்சுக் கருவிகள் அவரிடம்தான் இருந்தன. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் ஏலத்தில் நாற்காலி வாங்கப் போனவர், இழைப்புளியும் உளியும் நிறைந்த பெட்டியோடு வந்தார். அன்று பிடித்தது அந்தப் பித்து. பத்து வருஷத்தில் நாற்பத்து மூன்று உருப்படிகள் சேர்ந்தன.

கூடத்தில் அவற்றுக்கென்று தேக்கு அலமாரி, கண்ணாடிக் கதவு. உள்ளே பச்சை வெல்வெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம். துருவுக்குப் பயந்து மூலைக்கு மூலை கற்பூரம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் எண்ணெய்த் துணியால் துடைப்பார். உளிகளை அகலத்தை வைத்து அடுக்குவதா, பிடியின் நிறத்தை வைத்து அடுக்குவதா என்பதிலேயே ஒரு ரமலான் போயிற்று. எந்தக் கருவியும் மரத்தைத் தொட்டதில்லை. தொட்டால் மழுங்கிவிடுமாம்.

1936 ஐப்பசியில் அவர் மகளைப் பெண் கேட்டுக் குமாரபாளையத்திலிருந்து மாப்பிள்ளையின் தாயார் ஷரீஃபுன்னிசா வந்தார். நண்பகல் லுஹர் தொழ உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நான்கு நாள் மழையில் ஊறியிருந்த கதவு, நிலையோடு இறுகிக்கொண்டது. உள்ளிருந்து இழுத்தும் வெளியிலிருந்து தள்ளியும் அசையவில்லை. சம்பந்தம் பேச வந்தவரை அடைத்துவைத்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்று சாயபுவின் மனைவி மதீனா பீவி கையைப் பிசைந்தார்.

சின்னண்ணன் ஆசாரியை அழைத்து வந்தார்கள். வெறுங்கையோடு வந்தார். உளி எங்கே என்று கேட்டதற்கு அலமாரியைப் பார்த்தார்.

"உங்க ஊட்டுக்கு நான் உளி கொண்டாந்தா உங்களுக்குத்தானுங்க சாயபு கொறச்சல்."

இடுக்கில் கடப்பாரை நுழையாது, மெல்லிய உளியைச் செருகித்தான் நெம்ப வேண்டும் என்றார். நெம்புவது என்றதும் சாயபு அலமாரிக்குக் குறுக்கே போய் நின்றார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார். இது ஜோடி, பிரிக்கக் கூடாது. இது தாங்காது. இதற்கு நேற்றுத்தான் எண்ணெய் போட்டது. எல்லாம் திரும்பப் பள்ளத்துக்கே போயின. கதவுக்கு அப்பால் இருந்தவருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"ஏனுங்கண்ணே, உளி குடுக்கவே இத்தன ரோசன பண்றீங்க. பொண்ணக் குடுப்பீங்களா?" என்றார் ஷரீஃபுன்னிசா உள்ளிருந்து.

மதீனா பீவி கணவரின் காதருகே வந்து, பெண் இந்த வீட்டில் தங்கிப்போனால் அலமாரி தங்காது என்று மெதுவாகச் சொன்னார்.

சாயபு கண்ணை மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்டதை எடுத்து நீட்டினார். அகப்பட்டது இருப்பதிலேயே உசத்தி. ஆசாரி ஒரே நெம்பு நெம்பினார். கதவு திறந்தது. உளியின் வாய் அரை விரல் அளவுக்கு உடைந்து விழுந்தது.

"நல்ல இரும்புங்க," என்றார் ஆசாரி. "மட்டமா இருந்தா வளஞ்சிருக்கும்."

ஷரீஃபுன்னிசா வெளியே வந்தார். உடைந்த துண்டையும் சாயபுவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தனக்காக இவ்வளவு இழந்த மனிதரிடம் மேற்கொண்டு நகை பற்றிப் பேச அவருக்கு மனம் வரவில்லை; சம்மதம் என்றார்.

ஃபாத்திஹா ஓதிச் சம்பந்தத்தை உறுதிசெய்ய வந்த பள்ளிவாசல் ஹஜரத்துக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. சாயபு கண்ணீர் விடுவதைக் கண்டு, குமாரபாளையம் பக்கம்தானே, பெண்ணை நினைத்தபோது போய்ப் பார்க்கலாமே என்று தேற்றினார். சாயபு தலையாட்டினார். ஷரீஃபுன்னிசா வாயில் போட்ட சர்க்கரையைச் சுவைப்பதில் கவனமாக இருந்தார்.