விரிப்பின் மறுமுனை

காலை நாலே முக்காலுக்கு எழுந்ததும் மூணாம் மாடி அக்கா செய்கிற முதல் வேலை, படுக்கை விரிப்பை உருவுவது. தூங்குகிற மகளைச் சுவரோரம் உருட்டிவிட்டு, மெத்தைக்கு அடியில் செருகிய மூலைகளை ஒரே இழுப்பில் விடுவித்து, இரண்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டைக் கணவர் நிற்கிற திசையில் வீசுவார். அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு கால் மட்டும் பேண்ட்டுக்குள் போயிருக்கலாம். அதெல்லாம் அக்காவுக்கு ஒரு பொருட்டில்லை.

"ம், பிடிங்க."

அவர் பிடிப்பார். ஒரு உதறல். விரிப்பு பட்டென்று சத்தமிட்டு, நடுவில் தொப்பை போட்டு, அடங்கும். மூலையோடு மூலை சேர வேண்டும். பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வருவார்கள். அவர் தன் முனையை அக்காவின் கையில் ஒப்படைத்துவிட்டு, கீழே தொங்குகிற மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் போவார். மறுபடி வருவார். இப்படி மூன்று முறை வந்து போனால் அவ்வளவு பெரிய விரிப்பு ஒரு தலையணை அளவுக்கு வந்துவிடும்.

கல்யாணமான புதிதில், இதற்கு எதற்கு இரண்டு பேர் என்று அவர் கேட்டிருக்கிறார். "ஒரு ஆளால ஆகுற காரியமா இது? தரையில பட்டா அழுக்காயிடாது?" என்றார் அக்கா. தொழில் தெரிந்தவர் சொல்கிறார். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

இருவருக்கும் மலை உச்சியில் இருக்கிற ஒரே ஹோட்டலில்தான் வேலை. அவர் தோட்டக்காரர். அக்காவுக்கு மூன்றாம் மாடி, இருபத்திரண்டு அறைகள். பதினோரு வருஷமாக அதே மாடியைக் கூட்டிப் பெருக்கிப் படுக்கை போட்டு வருவதால் பெயர் போய் மாடி நின்றுவிட்டது. பஸ் கண்டக்டர்கூட "மூணாம் மாடி ஏறிட்டாங்களா?" என்று பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதுவார்.

வீட்டின் பெரிய சேதிகளெல்லாம் இந்த மடிப்புக்கு நடுவில்தான் வெளியே வரும். மகள் வயிற்றில் உண்டானதை அக்கா மூன்றாவது சந்திப்பில் சொன்னார். ஊரிலிருந்து வந்து ஐந்து மாதமாகச் சாய்ந்தே கிடந்த மச்சினனை அனுப்பிவிடலாமா என்பதை இரண்டாவதில் கேட்டார். மூக்குக்கு மூக்கு நாலு விரல் இடைவெளியில் நிற்கும்போது, கையில் வேறு துணி இருக்கும்போது, மனிதனால் சண்டை போட முடியாது. தோட்டக்காரர் எட்டு வருஷமாக "சரி" சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற சேதியும் அப்படித்தான் வந்தது.

"வருஷக் கடைசி லீவுக்கு டூரிஸ்ட்டுக்கு விடப்போறாங்களாம். மாசம் முடியற வரைக்கும்தான் டைம்."

புதிதாக ஒன்றுமில்லை. மலையூரில் குடியிருக்கிற வீடு என்று சொல்ல விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. நேற்றுவரை சட்டை காய்ந்த பால்கனியில் இன்று மூங்கில் நாற்காலி போட்டு யாரோ கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இவர்களுடைய வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், இவர்கள் உள்ளே இருக்கும்போதே கதவில் 'அறை எண் 4' என்று பித்தளைத் தகடு அடித்துவிட்டுப் போனார். அக்கா கைத்துணியை எடுத்து அதையும் ஒரு துடை துடைத்தார். கைப்பழக்கம்.

வீடு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். ஹோட்டலில் வேலையாட்கள் தங்க இடம் உண்டு. ஆண்களுக்குக் கிழக்கே ஒரு கொட்டகை, பெண்களுக்கு மேற்கே ஒரு கொட்டகை. பிள்ளைகளுக்கு இடமில்லை. ஐந்து வயது மகளைச் சமவெளியில் இருக்கிற அக்காவின் தங்கை வீட்டில் விட வேண்டும். மூன்று பேர், மூன்று கூரை. தோட்டக்காரர் இதை நினைத்துத் தொட்டியில் தண்ணீர் வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றார். அக்கா நிற்கவில்லை, வீடு தேடக் கிளம்பினார்.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். உச்சியிலிருந்து ஒன்று, இரண்டு என்று இறங்கும். ஒவ்வொரு வளைவுக்கும் வாடகையும் ஒரு படி இறங்கும். ஆனால் காலை ஆறரைக்கு வேலையில் கை வைக்க வேண்டும். முதல் பஸ் பதினாலாவது வளைவிலிருந்துதான் கிளம்புகிறது. அதற்குக் கீழே அரண்மனையே கொடுத்தாலும் பயனில்லை. "மேல போனா சம்பளம் போகும், கீழ போனா வேலை போகும். நடுவுல பதினாலு வளைவு இருக்கே, அதுல நமக்கு ஒரு மூலை இல்லாமலா போயிடும்?" என்பது அக்காவின் கணக்கு.

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அன்று மூவரும் பஸ்ஸில் இறங்குவார்கள். அக்காவின் பையில் தண்ணீர் பாட்டில், மகளுக்கு வளைவில் குமட்டினால் கொடுக்க எலுமிச்சம்பழம், அப்புறம் ஹோட்டல் கழித்துப்போட்ட ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பு. ஓரத்தில் டீக்கறை. அதுதான் அக்காவின் அளவுகோல். வீட்டுக்காரர் எவ்வளவு வர்ணித்தாலும் பேசாமல் கேட்டுக்கொண்டு, அறை நடுவில் விரிப்பைப் போடுவார். சுருங்காமல் படிந்தால் அது அறை. சுவரில் ஏறி மடங்கினால் "அலமாரி".

எட்டாவது வளைவில் ஒரு வீட்டுக்காரர் கார் நிறுத்துகிற இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். முன்பக்கம் இரும்பு ஷட்டர். "காலையில தூக்கிவிட்டீங்கன்னா மலை அப்படியே உள்ள வந்துரும்" என்றார். மழையும் அப்படியே உள்ளே வரும் என்று தோட்டக்காரருக்குத் தோன்றியது. விரிப்பு இரண்டு பக்கமும் சுவரில் ஏறியது. அக்கா ஒரு முனையை எடுத்துக்கொண்டு மறுமுனையை வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், அதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா முனையைக் கணவரிடம் திருப்பினார். வெளியே வந்ததும், "ஒரு பெட்ஷீட்டப் பிடிக்க மாட்டேங்குறான். பைப்பு உடைஞ்சா வந்து பிடிப்பானா?" என்றார். அதோடு அந்த வீடு முடிந்தது.

பதினோராவது வளைவில் ஒரு அம்மாள். நல்ல வீடு, விரிப்பு படிந்தது. அம்மாளும் மறுமுனையை ஆசையாகப் பிடித்தார். இரண்டாவது சந்திப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. சீசன் மூன்று மாதமும் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட வேண்டுமாம்.

"அந்த மூணு மாசம் நாங்க எங்கம்மா போறது?"

"நீங்களும் எங்கயாவது டூர் போயிட்டு வாங்களேன்."

அந்த அம்மாள் கிண்டல் செய்யவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். பஸ் ஸ்டாப் வரும்வரை அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் மகளும் சிரித்தாள். தோட்டக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாதத்தில் இன்னும் ஒரே ஒரு விடுமுறைதான் பாக்கி.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வெளியே சொன்னால் அடி விழுகிற கவலை. பழைய பெயிண்ட் டப்பா ஒன்றில் அவருடைய சொந்த ரோஜாச்செடி இருந்தது. நாள் முழுக்க ஹோட்டலின் ஆயிரம் செடிகளைப் பார்க்கிறவருக்குத் தன்னுடையது என்று இருப்பது அது ஒன்றுதான். மூன்று வீடு மாறி வந்துவிட்டது. வேர் டப்பாவின் அடியைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. மண்ணில் வைக்கலாமா என்று எப்போது கேட்டாலும் அக்காவிடம் ஒரே பதில்: "வாடகை வீட்டு மண்ணுல ஒண்ணும் வைக்கக் கூடாது. போகும்போது பிடுங்கிக்கிட்டா போவீங்க?"

கடைசி விடுமுறையன்று பதினாலாவது வளைவில் இறங்கினார்கள். அங்கே ஒரு தச்சர், பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் வைத்திருந்தார். காதில் பென்சில், புருவத்தில் மரத்தூள். வாடகைக்கு விடுவதாகத்தான் இருந்தாராம். இப்போது யோசனையாக இருக்கிறதாம். "எங்க மாப்பிள்ளை சொல்றாரு, ரெண்டு கட்டிலப் போட்டு, சுவத்துல ஒரு மான் படத்த மாட்டினா, ஒரு வாரத்துலயே ஒரு மாச வாடகை வந்துருமாம்."

அக்கா விரிப்பைப் போட்டார். படிந்தது. படிந்ததோடு, சுற்றிலும் செருப்பு விட இடம் மிச்சமிருந்தது. மகள் அதன் மேல் படுத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருண்டாள். உருண்டு முடித்து ஆச்சரியமாக அறிவித்தாள்: "அம்மா, இன்னும் சுவரு வரல."

"அண்ணே, கொஞ்சம் பிடிக்கிறீங்களா?" என்றார் அக்கா.

தச்சர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிடித்தார். ஜன்னல் ஓரமாக நின்ற தோட்டக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

தூரத்தில் நிற்கும்போது தச்சர் வாடகை சொன்னார். இரண்டு பேர் சம்பளத்தில் ஒருவருடையது முழுக்கப் போய்விடும். அக்கா அது காதில் விழாதவரைப்போல, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். முதல் சந்திப்பில், டூரிஸ்ட் வந்தால் துணியெல்லாம் யார் துவைப்பார்கள் என்று விசாரித்தார். தச்சர் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. இரண்டாவது சந்திப்பில் அக்காவே விவரம் சொன்னார்: தினமும் இரண்டு விரிப்பு, நாலு துண்டு, அதில் காப்பி கொட்டுவார்கள், மை கொட்டுவார்கள், ஷூவோடு ஏறிப் படுப்பார்கள். நடுச்சாமத்தில் வெந்நீர் வரவில்லை என்று கதவைத் தட்டுவார்கள்.

"நடுச்சாமத்துலயா?"

"நான் பதினோரு வருஷமா பாக்குறேன்ணே. மான் படத்தக் கழட்டிக்கிட்டுப் போனவங்களும் உண்டு."

மூன்றாவது முறை தச்சர் வந்தபோது இருவர் கையும் ஒரே துணியில் இருந்தன. அந்த இடத்தில்தான் அக்கா தன்னால் ஆகிற வாடகையைச் சொன்னார். மெதுவாக, இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில். தச்சர் கேட்டதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. தச்சர் முனையைப் பிடித்தபடியே நின்றார். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்று தொடங்கினார்.

"வீடு மாப்பிள்ளையோடதாண்ணே?"

தரையில் உருண்டுகொண்டிருந்த சிறுமியைத் தச்சர் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார். பிறகு சற்றுச் சங்கடத்தோடு, "மழை பெஞ்சா சமையக்கட்டு மூலையில சொட்டும்மா" என்றார்.

தோட்டக்காரர் மூச்சை விட்டார். ஒழுகுகிற இடத்தைத் தானாகச் சொல்கிற வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்த மாதிரிதான் என்பது இத்தனை வீடு ஏறி இறங்கியதில் அவருக்கே தெரிந்திருந்தது.

ஹோட்டலுக்குக் காய்கறி கொண்டுவந்துவிட்டுக் காலியாக இறங்குகிற வேனில் சாமான்கள் வந்தன. பெயிண்ட் டப்பாவைத் தோட்டக்காரர் மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் முள் கன்னத்தில் குத்தியது. அவர் டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் உச்சியில் உறைபனி இறங்கியது. பூப்பாத்திகளை மூட ஹோட்டலில் கிழிந்த விரிப்புகளைக் கொடுப்பார்கள். வழக்கமாக வாங்கி வருகிற ஆள் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டதால், தோட்டக்காரர் தானே துணி அறைக்குப் போனார். பெண்கள் வேலை செய்கிற இடம் என்ற கூச்சத்தில் இத்தனை வருஷத்தில் அவர் அங்கே எட்டிப் பார்த்ததில்லை.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அக்கா தனியாக நின்றிருந்தார். குவியலிலிருந்து ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பை உருவினார். இரண்டு மூலைகளைத் தாடைக்கு அடியில் செருகினார். கைகள் இரண்டும் பறக்கப்போகிறவை மாதிரி விரிந்து, சேர்ந்து, மறுபடி விரிந்தன. வயிற்றோடு ஒரு அழுத்தல். உள்ளங்கையால் ஒரு தட்டு. முடிந்தது. ஓரம் தரையைத் தொடவே இல்லை. அது அடுக்கில் விழுவதற்குள் அடுத்தது தாடைக்கு அடியில் போயிருந்தது.

கிழிந்தவற்றை எண்ணிக்கொண்டிருந்த துணி அறைக்காரரிடம், மறுமுனை பிடிக்க யாரும் இல்லையா என்று தோட்டக்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாருக்கு, மூணாம் மாடிக்கா? கிட்டப் போனா திட்டு விழும். ரெண்டு பேர் பிடிச்சா வேலை ஓடாதாம்."

தோட்டக்காரர் அக்காவைக் கூப்பிடவில்லை. கிழிந்த விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு போய், அன்று முழுக்கப் பாத்திகளுக்குப் போர்த்திவிட்டார். அவ்வப்போது, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பதினாலாவது வளைவில் விரிப்பு பறந்து வந்தது. பனி இவ்வளவு கீழே இறங்குவதில்லை. ஜன்னலுக்கு வெளியே மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது.

"ம், பிடிங்க."

அவர் பிடித்தார். முதல் சந்திப்பில் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவதிலும் பேசவில்லை. மூன்றாவது முறை வந்தபோது முனையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அந்த ரோஜாவ மண்ணுல வச்சிடலாம்னு பாக்குறேன்."

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். எட்டு வருஷத்தில் இந்த இடத்தில் அவர் பேசி அக்கா கேட்டதில்லை. பார்வை அவர் முகத்தில் இருக்க, கைகள் தம் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தன. அவர் விரல்களிலிருந்து முனை உருவப்பட்டது. தாடைக்கு அடியில் போனது. வயிற்றோடு ஒரு அழுத்தல், ஒரு தட்டு. விரிப்பு தலையணை அளவில் அக்காவின் கையில் இருந்தது. எதிரே நீட்டியபடி நின்ற கணவரின் கைகள் காலியாக இருந்தன.

அக்கா தன் கையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். வெளியே முதல் பஸ் என்ஜினைச் சூடேற்றும் சத்தம் கேட்டது.

அக்கா மடித்த விரிப்பைப் பட்டென்று உதறி முழுசாகத் திறந்தார். இரண்டு மூலைகளை அவர் பக்கம் வீசினார்.

"ம், பிடிங்க. வேலி ஓரமாவா, ஜன்னலுக்குக் கீழயா?"