ரயில்வேக்காரர் வீட்டுக் கதவு

கிட்வாய் நகரில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். கன்னம் ஒட்டிய முகம். யார் மணியடித்தாலும் சட்டைப் பொத்தான் அத்தனையும் போட்டு, செருப்பும் மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பார். டெல்லி வெயிலிலும் அப்படித்தான்.

"நான்தான்னு குரல் கொடுத்தேனே சார், எதுக்கு இவ்வளவு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஸ்ட்ரைக் செல்லாதுன்னு சர்க்கார் சொன்ன சமயம், தம்பி. வேலைக்குப் போகாதவங்களை வீடு வீடாப் புடிச்சாங்க. அன்னிக்கும் 'நான்தான்'னு ஒரு குரல். கூட வேலை பார்த்தவன். நம்பித் திறந்தேன், பின்னால போலீஸ். பனியனோட, வெறுங்கால்ல தெருவுல இழுத்துட்டுப் போனாங்க. என் பிள்ளைங்க பாத்துச்சுங்க."

இப்போதெல்லாம் அவர் வீட்டு மணியை அடித்துவிட்டு, குரல் கொடுப்பதா, சும்மா இருப்பதா என்று தெரியாமல் நிற்கிறேன்.