எழுமலையில் எந்தத் தெரு?

"வட்டமாத்தான் இருக்கணும் சம்மந்தி. மூலையே இருக்கக் கூடாது."

நான் கேட்காமலே சின்னான் ஆரம்பித்துவிட்டார். மடியில் பேத்தி தமிழ்வாணி கொட்டாவி விட்டாள். அந்தச் சின்ன வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய வேலை எனக்கு இப்போது கிடையாது. சின்னான்தான் உட்கார மாட்டேன் என்கிறார். வாசலுக்கும் வண்டிக்குமாக நடக்கிறார். போனை எடுத்துப் பார்க்கிறார், பையில் போடுகிறார், மறுபடி எடுக்கிறார்.

சின்னான் என் மகள் பாண்டிமீனாவின் மாமனார். எழுமலைக்காரர். மதுரையில் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ, கிரைண்டரை ஏற்றி இறக்குவது தொழில். ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குள் போயிருக்கிறார், சாமான் தூக்க. அவர் மகன் அருண்பாண்டிக்குத்தான் குடியிருக்க ஒரு வீடு அமையவில்லை. இப்போது இருக்கும் தகரக் கொட்டகையில் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

நேற்று கோச்சடையில் ஒரு மாடி வீடு பார்த்தோம். நல்ல காற்று. வீட்டுக்காரர் பிரியமாகத்தான் பேசினார். பிறகு கேட்டார்:

"எழுமலையில எந்தத் தெரு?"

சாதியைக் கேட்காமல் கேட்பது அப்படித்தான். எங்கள் ஆட்கள் இருப்பது ஊருக்கு வெளியே, காலனியில். அதைச் சொன்னால் வீடு கிடைக்காது.

"வட்டத் தெரு" என்றார் சின்னான்.

"அங்க யார் யாரு இருக்காங்க?"

"எல்லாரும் இருக்காக."

வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. போன் பண்ணுவதாகச் சொன்னார்.

"இல்லாத தெருவ ஏன் சொன்னீக?" என்று வண்டியில் கேட்டேன்.

"ஸ்டியரிங்கப் பிடிச்சா மனசுக்குள்ள வட்டமா ஒரு ஊரக் கட்டிக்கிட்டே போவேன். வாயில வந்துருச்சு."

இப்போது போனுக்காகக் காத்திருக்கும்போதும் அதே கட்டுமானம்தான்.

"ஊருக்கே ஒரு தெரு. மேலத்தெரு கீழத்தெருன்னு எவனும் சொல்ல முடியாது. கடைசி வீடுன்னே ஒண்ணு இருக்காது."

"சாக்கடை அள்ளுறவுக வீடு எங்க?"

"உங்க வீட்டுக்குப் பக்கத்துல."

நான் பிள்ளையின் துணியைச் சரிசெய்தேன்.

"ஆத்தாடி, பேச்சக் காணோம்!" என்று சிரித்தார். "இன்னும் கட்டி முடிக்கல, அதுக்குள்ள சம்மந்தி காலி பண்றாரு."

சாயங்காலம் போன் வந்தது. வீட்டுக்காரர் எங்கேயோ விசாரித்துவிட்டார்.

"வீடு தர்றேன். நான் அதெல்லாம் பாக்குறதில்ல. ஆனா அக்கம்பக்கத்துல கேட்டா பஸ் ஸ்டாண்டுப் பக்கம்னு சொல்லிக்கங்க. காலனின்னு வேணாம்."

"சரின்னு சொல்லுங்கப்பா. புள்ளைக்குக் காத்து வேணும்" என்றான் அருண்பாண்டி.

"நாளைக்கு இவளுக்கும் அந்தப் பொய்யச் சொல்லிக் குடுக்கவா?" என்றாள் பாண்டிமீனா.

சின்னான் "வாரோம்" என்று மட்டும் போனில் சொன்னார். அப்புறம் சாப்பிடவும் உட்காரவில்லை.

மறுநாள் காலை வந்து பார்த்தால், பாதிச் சாமான் வண்டியில் ஏறியிருந்தது. கிரைண்டரைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"பால் காய்ச்சுனா அக்கம்பக்கத்துக்குக் குடுக்கணும்ல சம்மந்தி? நானே டம்ளரோட வீடு வீடாப் போறேன். அவுக கேக்குறதுக்கு முந்தி எழுமலைக் காலனின்னு சொல்லிட்டுத்தான் நீட்டுவேன். குடிக்கிறவுக குடிக்கட்டும். காலி பண்ணச் சொன்னா, வண்டி நம்ம வண்டிதான?"